வீட்டில் காளான் வெங்காய சூப் ஓட்டல் மாதிரி கெட்டியாக வர எவ்வளவு கிரீம் ஊற்ற வேண்டும்? நான் செய்தால் சாம்பல் நிறத் தண்ணீராகவே வருகிறது.

நான்கு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி கிரீம் போதும். அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் அநேகமாக 200 மில்லி பாக்கெட்டை முழுசாகவே ஊற்றிப் பார்த்திருப்பீர்கள். அப்போதும் அந்தச் சாம்பல் நிறம் போயிருக்காது, உதட்டில் கொழுப்புப் பிசுக்கு மட்டும் ஒட்டியிருக்கும். எனக்கு இரண்டு தடவை அப்படித்தான் வந்தது. நீங்கள் கிரீமைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் காளானை வதக்குவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் மாமா, என் வீட்டுக்காரரின் அப்பா. நாங்கள் கோயம்புத்தூர். போன வருஷம் ஐப்பசியில் மாமாவுக்கு மிச்சமிருந்த பதினொரு பல்லையும் எடுத்துவிட்டார்கள். ஈறு ஆறி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பல்செட்டுக்கு அளவெடுக்க முடியும், மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் வாரம் கஞ்சி, ராகிக் கூழ், குழைய விட்ட பருப்புச் சாதம் என்று போனது. இரண்டாவது வாரம் தட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தார். 74 வயது, தோட்டத்தில் வேலை செய்தே வளர்ந்த உடம்பு. "பசியில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். ஒரு மாதத்தில் எடை 61-லிருந்து 57-க்கு இறங்கியது.

ஒரு நாள் ராத்திரி நல்ல இடி. கரண்ட் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு அவராகவே பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் இப்படி இடி இடித்தால் மறுநாள் காலையில் அவரும் அவருடைய அண்ணனும் புற்று ஓரமாகத் தேடிப் போவார்களாம். குடை மாதிரி வெள்ளை வெள்ளையாக முளைத்திருக்குமாம். அவங்கம்மா சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டு, மண்சட்டியில் தண்ணியே ஊற்றாமல் சுருள வதக்கிக் கொடுப்பாராம். "அந்த வாசம் இன்னும் மூக்குல இருக்குது" என்றார். பல் எடுத்ததிலிருந்து ஒரு சாப்பாட்டைப் பற்றி ஆசையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அந்தப் புற்றுக் காளானைப் பண்ணையில் வளர்க்க முடியாது, கறையான் புற்றோடு சேர்ந்துதான் வளரும். காட்டுக் காளானைத் தெரியாமல் பறித்துச் சமைக்கவும் கூடாது, அதில் உயிருக்கே ஆபத்து உண்டு. கடையில் கிடைப்பது நீலகிரியிலிருந்து வருகிற மொட்டுக் காளான், அப்புறம் சிப்பிக் காளான், பால் காளான். மறுநாளே மொட்டுக் காளான் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து, ஒரு வீடியோவில் பார்த்தபடி வெங்காயம், காளான், தண்ணீர் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டு, அரைத்து, பால் ஊற்றி, கிரீம் பாக்கெட்டைக் கவிழ்த்தேன். மாமா இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவது கரண்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "ஏங்கண்ணு, இதுல காளான் எங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிற ஆள் கிடையாது அவர். நிஜமாகவே தேடினார்.

இரண்டாவது முறை காளானை வதக்கித்தான் போட்டேன், வடச்சட்டியில். எங்கள் பக்கம் வாணலியை அப்படித்தான் சொல்வோம். 400 கிராமையும் ஒன்றாகக் கொட்டியதும் அது தன் தண்ணீரிலேயே வெந்து ரப்பர் மாதிரி ஆனது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குழியான சட்டியில் குவித்தால் அடியில் இருப்பது விடுகிற ஆவி மேலே இருப்பதை அவிக்கும். சட்டியில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பொன்னிறம் பிடிக்க 140 டிகிரி போல வேண்டும். அந்த நிறம் பிடிக்காமல் வாசமும் வராது. உங்கள் சூப் சாம்பலாக வருவதற்கும் காரணம் இதுதான். வெந்த காளான் பாலில் கலந்தால் வேறு என்ன நிறம் வரும்?

மூன்றாவது முறை தோசைக்கல்லை எடுத்தேன். வீட்டில் அதைவிட அகலமாக, சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கிற பாத்திரம் வேறு இல்லை. கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு டீஸ்பூன் எண்ணெய், கால் அங்குலக் கனத்தில் நறுக்கிய காளானை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். உப்பு போடக் கூடாது, கிளறவும் கூடாது. முதலில் தண்ணீர் விட்டு சளசளவென்று சத்தம் வரும். மூன்று, நான்கு நிமிஷத்தில் தண்ணீர் வற்றி அந்தச் சத்தம் மாறிச் சிடுசிடு என்று மெல்லிசாகக் கேட்கும். அப்போது திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கம் தோசை மாதிரி சிவந்திருக்கும், ஓரம் லேசாகச் சுருண்டிருக்கும், கறி வறுக்கிற வாசம் வரும். அந்தச் சத்தம் மாறுவதை மட்டும் காதில் பிடித்துக்கொண்டால் பாதி சூப் கைக்கு வந்த மாதிரி. 400 கிராமுக்கு மூன்று தடவை போட வேண்டியிருக்கும். கடைசியில் கல்லில் அரைக் கரண்டி தண்ணீர் தெளித்துத் தோசைக்கரண்டியால் சுரண்டினால் டிகாஷன் நிறத்தில் ஒரு சாறு வரும். அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள், சூப்புக்கு வேண்டும்.

காளானைக் கழுவலாமா என்று உடனே கேட்பீர்கள். கழுவவே கூடாது, துணியால் துடைக்க வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் 200 கிராமை எடை போட்டு, குழாயில் அலசி, துணியில் ஒற்றி மறுபடி எடை போட்டேன். ஐந்தாறு கிராம்தான் கூடியிருந்தது. ஊற வைக்காதீர்கள், அவ்வளவுதான். மண்ணோடு சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

இனி அளவு. காளான் 400 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம், ஒரு பெரிய வெங்காயம், பூண்டு நான்கு பல், வெண்ணெய் 30 கிராம், மைதா இரண்டு மேசைக்கரண்டி, பால் 250 மில்லி, கிரீம் மூன்று மேசைக்கரண்டி. காளானின் காம்புகளை நறுக்கித் தனியாக எடுத்து, நான்கு மிளகு, ஒரு பிரிஞ்சி இலையோடு 700 மில்லி தண்ணீரில் 20 நிமிஷம் கொதிக்க விட்டு 500 மில்லியாக வடித்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற ஸ்டாக் கட்டியில் உப்பு அதிகம். மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் அதை நான் தொடுவதில்லை, அது இல்லாமலே ருசி வருகிறது.

வெங்காயத்தை அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுச் சின்னத் தீயில் 25 நிமிஷம் வதக்க வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது. சோடா உப்பு போட்டால் சீக்கிரம் சிவக்கும்தான், ஆனால் வெங்காயம் கூழாகி வாசமே மாறிவிடும். நிதானமாக வதங்கிய சின்ன வெங்காயத்தில் இருக்கிற இனிப்புக்குச் சர்க்கரையே தேவைப்படாது. கடைசி இரண்டு நிமிஷம் பூண்டு. அப்புறம் மைதாவைத் தூவி, பச்சை வாசம் போகிற வரை கிளறி, வடித்த சாற்றைச் சூடாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கல்லில் சுரண்டிய சாறு, வறுத்த காளானில் முக்கால் பங்கு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்கட்டும்.

மைதாவா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: நான்கு பேருக்கு இரண்டு கரண்டி, ஆளுக்கு அரைக் கரண்டி. சமையல்காரர்கள் வெள்ளை சாஸுக்கு வெண்ணெயும் மாவும் வதக்குவது கெட்டியாக வருவதற்காகத்தான். அந்த மாவு பாலைத் திரியாமலும் பார்த்துக்கொள்ளும். சோளமாவு கரைத்து ஊற்றினால் பளபளவென்று கெட்டியாகும், ஆறவைத்து மறுபடி சுட வைத்தால் நீர்த்துப்போகும். மைதாவே வேண்டாம் என்றால் ஒரு கைப்பிடி குழைந்த சாதத்தைச் சேர்த்து அரையுங்கள், அதுவும் நன்றாகவே வரும்.

அடுத்தது அரைப்பது. தயவுசெய்து இந்த ஒரு பத்தியை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள். கொதிக்கிற சூப்பை அப்படியே மிக்ஸி ஜாரில் ஊற்றி மூடி ஓட்டாதீர்கள். நான் ஓட்டினேன். ஆவி மூடியைத் தூக்கி அடித்து முழங்கை வரை கொட்டியது, தழும்பு இன்னும் இருக்கிறது. கை பொறுக்கிற அளவுக்கு ஆற விட்டு, ஜாரில் பாதிக்குக் கீழே ஊற்றி, பாதி சூப்பை மட்டும் அரைத்து மிச்சத்தோடு கலந்தால் போதும். மைதாவோடு இந்த அரைத்ததும் சேர்ந்துதான் கெட்டி வரும். அப்புறம் காய்ச்சிய பாலைச் சேர்த்துச் சின்னத் தீயில் ஐந்து நிமிஷம், தளதளவென்று கொதிக்க விடாமல். அடுப்பை அணைத்த பிறகுதான் கிரீம். கடையில் கிடைக்கிற அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு, கொதிக்கிறதில் ஊற்றினால் திரிய வாய்ப்பு உண்டு. மிளகுத்தூள், துளி ஜாதிக்காய் போட்டு, எடுத்து வைத்த கால் பங்கு காளானை மேலே தூவுங்கள். மாமாவுக்கு அந்தக் கால் பங்கையும் பொடிப்பொடியாக நறுக்கித்தான் போட்டேன்.

மொட்டுக் காளான் கிடைக்காத ஊர் என்றால் பால் காளானில் செய்யலாம். மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும். பால் காளான் நம் வெயிலிலேயே வளரும், எங்கள் ஊர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் அதுதான். நார் கொஞ்சம் அதிகம் என்பதால் மெல்லிசாக நறுக்கிக் கூடுதல் நேரம் வறுக்க வேண்டும். பல் இல்லாதவர்களுக்கு என்றால் முழுசாகவே அரைத்துவிடுங்கள்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று மாதத்தில் மாமாவைப் பார்க்க எத்தனையோ சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கையில் முறுக்கு, மிக்சர், கடலை மிட்டாய். பல் எடுத்தவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள்! அவர் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்து, காப்பியோடு கடித்துக்கொண்டு, "உங்களால இதெல்லாம் முடியாதுல்ல மாமா" என்று வேறு கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்பார். அவர்கள் போன பிறகு அன்றைக்கு ராத்திரி ஒன்றும் சாப்பிட மாட்டார். ஒரு அத்தை, "சூப்பெல்லாம் ஓட்டல் பண்டம், வயசானவருக்கு எதுக்கு, கஞ்சி கொடுத்தாப் பத்தாதா" என்று என்னிடமே சொன்னார். மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிறவருக்குத்தான் அது பத்துமா பத்தாதா என்று தெரியும். நான் பதில் பேசவில்லை. இன்னும் மனசில் கிடக்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வயதானவர்களைப் பார்க்கப் போனால் நான்கு நல்ல நாட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.

சூப் குடித்துத்தான் மாமாவுக்கு எடை ஏறியது என்று நான் சொல்லவில்லை. முட்டையை உடைத்துக் கலக்கிக் கொடுத்தேன், பனீரை உதிர்த்துக் கொடுத்தேன், பருப்பும் நெய்யும் தினமும் உண்டு. ஆனால் தோசைக்கல்லில் வறுத்துச் செய்த அன்றைக்குக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, அடியில் ஒட்டியதை விரலால் வழித்துக்கொண்டே, "எங்கம்மா சட்டி வாசம் கொஞ்சம் வருது" என்றார். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் இந்தச் சூப்தான். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், சுட வைக்கும்போது ஒரு கரண்டி பால் விட்டுச் சின்னத் தீயில் கிளறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.

தை மாதக் கடைசியில் பல்செட் வந்தது. முதல் நாள் என்ன செய்யட்டும் மாமா என்று கேட்டேன். அந்தச் சூப்பே வை, காளானை மட்டும் கொஞ்சம் பெருசா நறுக்கிப் போடு கண்ணு என்றார்.