பிரவுசிங்குக்கு ஒரு பட்ஜெட் லேப்டாப்: கேள்வி பதில்

பிரவுசிங்குக்காகக் குறைந்த பட்ஜெட்டில் லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். கேமிங், வீடியோ எடிட்டிங் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வேறு கணக்கு.

புதுப்பயனர்: அண்ணா, மெயில் பார்ப்பேன், செய்தி படிப்பேன், கொஞ்சம் யூடியூப். அவ்வளவுதான். 4 ஜிபி ரேம் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். போதுமா?

போதாது தம்பி. "பிரவுசிங் மட்டும்தானே" என்று நினைத்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஆள் லேப்டாப்பில் ஓட்டும் மென்பொருள்களிலேயே அதிகம் ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) தின்பது பிரவுசர்தான். குரோமும் எட்ஜும் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸாக, அதாவது தனி நிரல் போல, ஓட்டுகின்றன. ஒரு டேப் தொங்கினால் மற்றவை தொங்காது, ஒரு தளத்தில் உள்ளதை இன்னொரு தளம் எட்டிப் பார்க்கவும் முடியாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அத்தனைக்கும் ரேம் வேண்டும்.

4 ஜிபி உள்ள விண்டோஸ் 11 மெஷின் ஒன்றில் டாஸ்க் மேனேஜரை (எது எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து பாருங்கள். நீங்கள் எதையுமே திறக்காதபோதே பாதிக்கு மேல் போயிருக்கும். மெயில், ஒரு செய்தித் தளம், ஒரு வீடியோ என மூன்று டேப் திறந்தால் மெமரி 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ரேமில் இடம் பற்றாததை விண்டோஸ் ஸ்டோரேஜுக்குத் தள்ளும், திரும்பக் கேட்கும்போது அங்கிருந்து எடுத்து வரும். டேப் மாற்றினால் இரண்டு நொடி வெள்ளைத் திரை தெரிகிறதே, அது இதனால்தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது உண்மைதான். ஆனால் அது நிறுவ முடியுமா என்பதற்கான அளவு, நிம்மதியாக வேலை பார்ப்பதற்கானது இல்லை. 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்.

புதுப்பயனர் (மறுபடியும்): இப்போது 4 வாங்கிவிட்டு அப்புறம் கூட்டிக்கொண்டால்?

கூட்ட முடிகிற மாடலா என்று முதலில் பாருங்கள். விவரக் குறிப்பில் "ஆன்போர்டு", "சோல்டர்டு" என்றோ, ரேம் வகையில் எல்பிடிடிஆர் என்றோ இருந்தால் அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம். வாங்கியதோடு சரி. "ஒரு ஸ்லாட் காலி" என்று தெளிவாக இருந்தால் மட்டும் உங்கள் திட்டம் நடக்கும். விலை குறைந்த மெல்லிய மாடல்களில் அப்படி ஸ்லாட் கிடைப்பது அபூர்வம்.

கணக்கு டீச்சர்: ஒன்றில் 128 ஜிபி இஎம்எம்சி, இன்னொன்றில் 256 ஜிபி எஸ்எஸ்டி, மூன்றாவதில் 1 டிபி ஹார்டு டிஸ்க். மூன்றுமே ஏறக்குறைய ஒரே விலை. 1 டிபி லாபம் இல்லையா?

டீச்சர், அளவைப் பார்த்தால் 1 டிபிதான் லாபம். பயன்படுத்திப் பார்த்தால் அதுதான் பெரிய நஷ்டம். பிரவுசர் நாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோப்புகளாக எழுதுவதும் படிப்பதுமாக இருக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் படித்து எழுதும் முனை நகர்ந்து போய் இடத்தைத் தேட வேண்டும். எஸ்எஸ்டி ஃபிளாஷ் மெமரி சிப்களால் ஆனது, அதில் நகர ஒன்றுமே கிடையாது.

இஎம்எம்சியும் ஃபிளாஷ் மெமரிதான், அதனால் ஹார்டு டிஸ்க்கைவிட மேல். ஆனால் அதன் இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. சாட்டா என்ற பழைய வகை இணைப்புள்ள எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். என்விஎம்இ என்ற புதிய வகை எஸ்எஸ்டியில் விலை குறைந்தவைகூட ஆயிரங்களில் போகும். வேகத்தைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. இஎம்எம்சியும் பற்றவைத்துத்தான் வரும், பழுதானால் கழற்றி வேறு போட முடியாது. 64 ஜிபி இஎம்எம்சியோடு விண்டோஸ் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. ஆறு மாதத்தில் அப்டேட் இறங்கக்கூட இடம் இல்லாமல் திணறும்.

256 ஜிபி எஸ்எஸ்டியை எடுங்கள். போட்டோ, வீடியோ சேர்ந்தால் வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்கி அந்த 1 டிபி ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். சில விளம்பரங்களில் "1 டிபி" என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஓரத்தில் பொடியாக "கிளவுட்" என்று இருக்கும். அது இணையத்தில் தரும் சேமிப்பிடம், லேப்டாப்புக்குள் இருப்பது இல்லை.

குழம்பிப்போனவன்: ஐ3, ரைசன் 3, என்100, செலரான்... தலை சுற்றுகிறது. பிரவுசிங்குக்கு எது?

ரேமும் எஸ்எஸ்டியும் சரியாக அமைந்துவிட்டால் பிராசஸருக்காக இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் பெயர்களில் சில பொறிகள் உண்டு.

செலரான் என்4020, என்4500 இரண்டிலும் இரண்டே கோர்தான் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனி அலகுதான் கோர்). இன்றைய இணையப் பக்கங்களுக்கு அது பற்றாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிருங்கள். 2023-ல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர். 6 வாட் அளவிலேயே ஓடக்கூடியது என்பதால் பல மாடல்களில் மின்விசிறிகூட இருக்காது. யூடியூப் இப்போது அதிகம் பயன்படுத்தும் ஏவி1 என்ற சுருக்க வகை வீடியோவைத் தனி வன்பொருளிலேயே விரித்துக் காட்டும். 8 ஜிபி ரேமோடு கிடைத்தால் உங்கள் தேவைக்குத் தாராளம்.

"ஐ3" என்று போட்டிருந்தால் அதற்குப் பின்னால் இருப்பதையும் படியுங்கள். ஐ3-என்305 என்பது என்100-ன் பங்காளி, சின்னக் கோர் எட்டு. ஐ3-1215யூ வேறு வகை. அதில் பெரிய கோர் இரண்டு, சின்னக் கோர் நான்கு. பக்கங்கள் சட்டென்று திறப்பதற்கு அந்தப் பெரிய கோர்கள் உதவும். ஒரே விலை என்றால் நான் 1215யூ பக்கம்தான்.

ஏஎம்டியில் 7000 வரிசை எண்களின் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 3 7320யூ-வில் அது 2, அதாவது ஜென் 2 வடிவமைப்பு. முதலில் இருக்கும் 7-ஐப் பார்த்துப் புத்தம் புதியது என்று நினைப்போம், உள்ளே இருப்பதோ 2019-ல் அறிமுகமான வடிவமைப்பு. 7330யூ என்றால் ஜென் 3. பிரவுசிங்குக்கு 7320யூ மோசமே இல்லை. புதியது என்ற நினைப்பில் அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். அதோடு வரும் ரேமும் பற்றவைத்ததுதான், 8 ஜிபி மாடலாகப் பார்த்து எடுங்கள்.

வாசகி: நாள் முழுக்கப் படிப்பதுதான் என் வேலை. திரையில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதை ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு வருத்தம். எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கப் போவது திரையைத்தான்.

1920×1080 புள்ளிகள், ஐபிஎஸ் வகை (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் புரளாத திரை). இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய 1366×768 திரையில் தமிழ் படித்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஆங்கிலத்தைவிட நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். சின்ன அளவில் "ணு", "ழு", "ஞ" எல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்க வேண்டியிருக்கும்.

டிஎன் என்ற மலிவான வகைத் திரையா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு போட்டோவைத் திறந்துவிட்டுத் திரையை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். முகங்கள் கறுத்து, நிறம் தலைகீழாக மாறினால் அது டிஎன். ஐபிஎஸ்ஸில் கொஞ்சம் மங்கும், நிறம் புரளாது. பிரகாசம் 250 நிட்ஸ் என்பது வீட்டுக்குள் போதும், ஜன்னலோரம் உட்காருபவர் என்றால் 300 தேடுங்கள். பளபளப்பு இல்லாத மேட் திரை கண்ணுக்கு நல்லது.

செல்லம்மா: டச் ஸ்கிரீன் அவசியமா?

இல்லை அம்மா. அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

மூத்த மகன்: அப்பாவுக்கு 70 வயது. செய்தி, வீடியோ கால், பேங்க் தளம். குரோம்புக் வாங்கலாமா?

அவருக்கு நல்ல தேர்வு. விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்தான் குரோம்புக். சீக்கிரம் ஆன் ஆகும், அப்டேட் தானாக நடக்கும், கண்ட கண்ட டூல்பார் வந்து ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் குறைவு. தமிழ்99, ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன.

ஆனால் ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் நிற்கும் தேதி ஒன்று உண்டு. 2021-லிருந்து வந்த மாடல்களுக்கு 10 ஆண்டு அப்டேட் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த வன்பொருள் முதலில் வெளியான நாளிலிருந்து எண்ணுவது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலில் பாதி ஆயுள் ஏற்கெனவே ஓடியிருக்கலாம். மாடல் பெயரைப் போட்டு அந்தத் தேதியைத் தேடிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடாது. அப்பா டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய பிரின்டர் எதுவும் வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் குரோம்புக் வேண்டாம்.

இரண்டாம் கை: சார், புதிதாக மட்டமான ஒன்றா, ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) ஆபீஸ் லேப்டாப்பா?

தேய்ந்த பேட்டரியைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் இரண்டாவதுதான். திங்க்பேட் டி480, லாட்டிடியூட் 7490, எலைட்புக் 840 ஜி5 போன்றவை 2018-ல் நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டவை. கீல் உறுதி, கீபோர்டு அருமை, ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். இன்டெல்லின் 8-ஆம் தலைமுறைதான் விண்டோஸ் 11-க்கு எல்லைக்கோடு, இந்த மாடல்களை அந்தத் தலைமுறை சிப்போடு பார்த்து வாங்குங்கள். 7-ஆம் தலைமுறை இதைவிட மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஒன்றிரண்டு விதிவிலக்குகளைத் தவிர விண்டோஸ் 11-ன் ஆதரவு அதற்குக் கிடையாது.

வாங்கும்போது பேட்டரி அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரிக்கும் சேர்த்து விலை பேசுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புப் பகுதி) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். கடைசியாக, முழுதாக ரீசெட் செய்து, வைஃபை இணைத்து, முதல் அமைப்பு வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஏதோ நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக மெயில் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழசே போதும்: 2016-ல் வாங்கியது. 6-ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி, ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. தூக்கிப் போடவா?

பொறுங்கள். ஸ்லாட் இருந்தால் ரேமை 8 ஆக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி போட்டால் மலிவான புது லேப்டாப்கள் பலவற்றை அது முந்தும். சிக்கல் விண்டோஸில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. பேங்க் தளத்துக்குப் போகிற மெஷினில் அதற்கு மேல் இழுக்காதீர்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுவிடுங்கள், ஃபயர்ஃபாக்ஸ் அதோடேயே வரும். முதலில் பென்டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளலாம்.

நாற்பது டேப்: 8 ஜிபி இருந்தும் திணறுகிறது. டேப்களை மூட மனசு வரவில்லை.

மூட வேண்டாம், தூங்க வையுங்கள். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ். தொடாமல் விட்ட டேப்பைக் குரோம் ரேமிலிருந்து இறக்கிவிட்டு, கிளிக் செய்யும்போது திரும்ப ஏற்றும்; எட்ஜ் அதை உறைய வைத்து ரேமை மிச்சப்படுத்தும். நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்றும் போடுங்கள். செய்தித் தளங்களில் கட்டுரையைவிட விளம்பரத்தைச் சுமக்கத்தான் ரேம் அதிகம் போகிறது.

வெளியூர்க்காரன்: "10 மணி நேர பேட்டரி" என்கிறார்கள். நம்பலாமா?

பிரகாசத்தைக் குறைத்து, ஒரே வீடியோவை ஓட விட்டு எடுத்த எண்ணாக இருக்கும். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை வாட்-ஹவர் என்று பாருங்கள். 42 வாட்-ஹவர் பேட்டரி, வைஃபையில் பிரவுசிங் செய்தால் 7 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 6 மணி நேரம். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால் பயணத்தில் பெரிய நிம்மதி. டைப்-சி துளை இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று நினைக்காதீர்கள், விவரக் குறிப்பில் பவர் டெலிவரி என்று இருக்க வேண்டும்.

அவசரக்காரன்: வாங்கியாச்சு. குரோம் போட விடமாட்டேன் என்கிறது!

விண்டோஸின் கட்டுப்பாடு மிகுந்த வடிவமான எஸ் மோடில் வந்திருக்கும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதை மட்டுமே போடலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய் வெளியே வந்துவிடலாம், இலவசம்தான். ஒருமுறை வந்துவிட்டால் திரும்ப அதற்குள் போக முடியாது.

கடைசி பெஞ்ச்: நாளைக்கு டெலிவரி. பெட்டியைப் பிரித்ததும் என்ன பார்க்க வேண்டும்?

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதி. ரேம் அளவும் பிராசஸர் பெயரும் நீங்கள் ஆர்டர் செய்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா, டிஸ்க் பக்கத்தில் எஸ்எஸ்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முழு வெள்ளை, முழு கறுப்புப் படங்களைத் திரை நிறையத் திறந்து புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். கூடவே வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள், விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டரே போதும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.