பயாஸ் திறக்காத பழைய லேப்டாப்: கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. மகனின் படிப்புக்காக மூன்று மாதத்துக்கு முன் டர்பனில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினோம், 5,200 ராண்ட். விண்டோஸ் 11 போட டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படை செட்டிங்ஸ் மெனு) ஆன் பண்ண வேண்டுமாம். அதைத் திறக்க எஃப்2-வை எத்தனை தடவை அழுத்தினாலும் நேராக விண்டோஸுக்குத்தான் போகிறது. கடைக்காரரைக் கேட்டால், "பழசு வாங்கினால் ஃபுட்ஸ்டூட்ஸ்தான், இருக்கிற நிலையில் எடுத்துக்கணும்" என்கிறார். பக்கத்துத் தெருவில் ஒருவர் 900 ராண்டுக்குப் பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இப்போதைக்கு அந்த லேப்டாப்பின் ஒரு திருகைக்கூட யாரும் தொட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் லேப்டாப்பில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸ் 8-லிருந்தே 'ஷட் டவுன்' கொடுத்தால் பல கம்ப்யூட்டர்கள் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கம்தான். ஆன் செய்ததும் சட்டென்று எழுந்துவிடுவதால் நீங்கள் எஃப்2 அழுத்துவதை அது கவனிப்பதே இல்லை. அதனால் விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் பட்டனைப் பிடித்தபடியே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் பயாஸ் தானாகத் திறக்கும். கடைசியாகச் சொன்னது அங்கே இல்லையென்றால், விண்டோஸைப் பழைய 'லெகசி' முறையில் போட்டிருக்கக்கூடும். அப்போது ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்ததுமே பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், ஏசர் என்றால் எஃப்2. ஹெச்பி என்றால் எஃப்10. திங்க்பேட் என்றால் எஃப்1. லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் ஓரத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு அதில் குண்டூசியால் அழுத்தினாலே மெனு வந்துவிடும்.

டிபிஎம்-இல் கை வைக்குமுன், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கான ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் மகனின் பாடங்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் மீட்பது கஷ்டம். பிராசஸரையும் பாருங்கள்: இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியதை, மிகச் சிலவற்றைத் தவிர, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்பதில்லை. பயாஸ் திறந்தாலும் பலன் இராது.

பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டால் கதை வேறு. கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்புகளில் இந்தப் பூட்டு அடிக்கடி இருக்கும். போன வருஷம் என் தங்கை மகன் வாங்கிய திங்க்பேடிலும் இப்படித்தான், கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பூட்டுப் படம், அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றி வைத்தால் போகாது. பாஸ்வேர்ட் தனிச் சிப்பில் இருக்கிறது. மதர்போர்டையே மாற்றச் சொல்கிறது லெனோவோ. அதற்கு நீங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் அது பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. நியாயமாக எதிர்பார்த்த பயனைக் குறைக்கும் எதுவும் சட்டத்தின் பார்வையில் குறைதான். பூட்டிய பயாஸும் அதில் அடங்கும் என்பது என் உறுதியான கருத்து. 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது. "பயாஸ் பூட்டியிருக்கிறது" என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் தெளிவாகச் சம்மதித்திருந்தால்தான் அவர் கைகழுவலாம். ஆனால் வெளியாள் யாராவது பிரித்துவிட்டால், அதையே காரணம் காட்டி அவர் மறுக்க வழியுண்டு. திருகைத் தொட வேண்டாம் என்றது இதனால்தான்.

உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பாஸ்வேர்ட் திரையை போட்டோ எடுத்து, ரசீதோடு கடைக்குப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட்டிடம் புகார் செய்யலாம். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை.