வாரியல்காரி படத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே 14 சிறு படங்கள். சில தாளில், சில கண்ணாடி போன்ற மெல்லிய தகட்டில் வரைந்தவை. தண்ணீர் சுமப்பவர், பாம்பாட்டி, துணி வெளுப்பவர் எனப் பலர். தகட்டுப் படம் ஒன்றில் தலையில் வாரியல் (விளக்குமாறு) கட்டுடன் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு முகம் இல்லை. தாத்தா 1938இல் எழுதிய ஒரு நோட்டும் கூட இருக்கிறது. தரகர் ஒருவர் அந்த வாரியல்காரியை மட்டும் நல்ல விலைக்குக் கேட்கிறார். அழிந்துபோன முகத்தைத் தாமே வரைந்து சரிசெய்துகொள்வதாகச் சொல்கிறார். விளக்குமாறு படம் வீட்டில் இருப்பது ஆகாது என்கிறார் அம்மா. கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முகம் வரைய ஒருவரையும் விடாதீர்கள். அது அழிந்த முகமாக இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கண்ணாடி போன்ற தகடு என்று சொல்வது அப்பிரகம். காக்காய்ப்பொன் என்பார்களே, அதுதான். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் அப்பிரகத்தில் இத்தகைய படங்களை வரைந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் விற்றார்கள். அவற்றில் ஒரு வகைக்குத் தனி வேலைப்பாடு உண்டு. ஓர் அட்டையில் முகம் மட்டும் வரைந்திருப்பார்கள். மற்ற தகடுகளில் உடை, நகை, தலைச்சுமை, கையிலுள்ள பொருள் எல்லாம் இருக்கும். முகத்துக்குரிய இடம் வெறுமையாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். தகட்டை அட்டைமேல் வைத்தால் அந்த முகம் தண்ணீர் சுமப்பவரின் முகமாகும். தகட்டை மாற்றினால் அதே முகம் வாரியல்காரியின் முகமாகிவிடும். பெட்டியின் அடியில் முகம் மட்டும் வரைந்த அட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். அழிந்த முகமென்றால் வண்ணத்தின் பொருக்குகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும். வேண்டுமென்றே விட்ட இடமென்றால் கழுத்துக் கோடும் கூந்தல் கோடும் சுத்தமாக வந்து நின்றிருக்கும். தகட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இந்த வேறுபாடு தரகருக்குத் தெரியாமல் இராது. முகமில்லாத தகட்டை விற்பது கடினம், முகம் வரைந்தால் விலை ஏறும் என்பதுதான் அவர் கணக்கு. அப்படி முகம் வரைந்து பாழாக்கிய தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒருமுறை பூசிய புது வண்ணத்தைப் பழைய வண்ணத்துக்குச் சேதமில்லாமல் எடுப்பது மிகக் கடினம்.

அடுத்தது, ஒன்றை மட்டும் பிரிப்பது. இந்தப் படங்கள் தொகுப்பாகவே வரையப்பட்டன, தொகுப்பாகவே விற்கப்பட்டன. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு படம், சில தொகுப்புகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்பார்கள். தெருவில் கூவி விற்பவர்களைத் தொகுப்பாகப் படம் வரைவது ஐரோப்பாவில் முன்பே இருந்த வழக்கம். லண்டன் தெரு வியாபாரிகளைப் பற்றி மார்செல்லஸ் லரூன் என்ற ஓவியர் வரைந்து 1687இல் வெளியான தொகுப்பில், பழைய செருப்புக்கு விளக்குமாறு கொடுப்பவரும் இடம் பெற்றிருக்கிறார். 1790களில் கல்கத்தாவில் சால்வின்ஸ் என்ற பிளெமிய ஓவியர் இந்நாட்டு மக்களை 250 செதுக்கோவியங்களில் பதித்தார். அந்த ருசியோடு கப்பல் ஏறி வந்தவர்களுக்காகத்தான் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நம் ஓவியர்கள் வரைந்தார்கள். ஆகவே உங்கள் படத்தில் நிற்பவள் திருநெல்வேலித் தெருவில் நின்ற ஒரு குறிப்பிட்ட பெண் என்று எண்ண வேண்டாம். ஒரே மாதிரியை வைத்துத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். 14 படமும் சேர்ந்து நிற்கும்போதுதான் எந்தப் பட்டறை, எந்தக் காலம், யாருக்காக என்பதை ஆராய்பவர்கள் கண்டுபிடிக்க முடியும். ஒன்றை உருவிவிட்டால் மற்ற 13ம் ஊமையாகிவிடும்.

உண்மையானதா போலியா என்றும் சந்தேகம் வரும். முதலில் வாரியலைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வாரியல் தென்னை ஈர்க்கை அடிப்பக்கம் இறுக்கிக் கட்டியது. ஈர்க்கின் நுனி ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாகத் தெரியும். இன்று வரையும் போலிகளில் கைப்பிடியில் உறை மாட்டிய பூந்துடைப்பத்தைப் போட்டுவிடுகிறார்கள். உப்பிய பஞ்சுபோல் ஒரு துடைப்பம் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பூதக்கண்ணாடியில் வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சுப்படம். தாளில் உள்ள படங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ‘வாட்மன்’ என்ற ஆங்கிலத் தாள் தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியலாம். 1794க்குப் பின் இங்கிலாந்தில் தாளில் ஆண்டைப் பதிப்பது பரவலாயிற்று. ஆனால் அந்த ஆண்டு தாளின் பிறப்புக்குச் சான்று, படத்தின் பிறப்புக்கு அல்ல. பழைய கணக்குப் புத்தகங்களின் வெற்றுத் தாளைக் கிழித்து அதில் புதிதாக வரைந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நீர்க்குறியைக் காட்டி விலை பேசும் தரகரை நம்பாதீர்கள்.

இனி சட்டம். பழம்பொருட்கள், கலைப்பொக்கிஷங்கள் சட்டம் 1972இல் வந்து, 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டு கடந்த ஓவியம் பழம்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, பழைய ஓவியங்களைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தாலும் உடைமை உங்களுடையதே. ‘பதிவு செய்தால் அரசு பறித்துக்கொள்ளும்’ என்று தரகர் பயமுறுத்தினால் அது பொய். தொழிலாகப் பழம்பொருள் வாங்கி விற்பவருக்கு உரிமம் வேண்டும். அதைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தாத்தாவின் நோட்டு விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1938 நோட்டுக்கு இன்னும் 100 ஆண்டு ஆகவில்லை, அதைத் தாராளமாக எங்கும் விற்கலாம் என்று தரகர் சொல்வார். தவறு. 100 ஆண்டு என்பது ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கு. வரலாற்று, இலக்கிய, அறிவியல், கலை மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டே போதும். 1938 நோட்டு 2013லேயே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. அது வெறும் பால் கணக்கு, வண்ணான் கணக்கு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்தப் படங்கள் யாரிடமிருந்து எப்படி வந்தன என்று தாத்தா நாலு வரி எழுதியிருந்தால் அதற்கு வரலாற்று மதிப்பு உண்டு. உள்ளே ஓவியம் வரைந்திருந்தால் பதிவும் வேண்டும். எழுத்து மட்டும் என்றால் பதிவு வேண்டாம், ஆனாலும் கடல் தாண்டக் கூடாது. படங்களையும் நோட்டையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். படங்களின் பூர்வீகத்துக்குச் சாட்சி அந்த நோட்டுதான்.

பதிவு எளிதா என்று கேட்டால், இல்லை. படிவம், எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம், அலைச்சல், அதற்குள் அதிகாரிக்கு மாற்றல், மறுபடி முதலிலிருந்து. வீட்டிலிருப்பதைத் தானாக முன்வந்து காட்டும் குடும்பத்தை இப்படி அலைக்கழித்தால், ரொக்கத்தோடு வாசலில் நிற்கும் தரகர்தான் சுலபமாகத் தெரிவார். பொருளைக் காப்பாற்ற வந்த சட்டம் நேர்மையானவரையே களைப்படையச் செய்கிறது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் ஒரு தாலுகா ஊரில் உட்கார்ந்து இந்தப் பதிவை முடிக்க வழி செய்யாதது பெரும் தவறு. இருந்தாலும் விண்ணப்பியுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பாளையங்கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு முதலில் புகைப்படங்களோடு போய் யோசனை கேளுங்கள். படங்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம்.

அம்மாவின் கவலைக்கு ஒரு வார்த்தை. விளக்குமாற்றை மிதிக்காதே, அது லட்சுமி என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம்? அவரிடம் அதையே நினைவூட்டுங்கள். தீட்டு, மூதேவி என்று வீட்டுப் பெண்களைப் பயமுறுத்திப் பொருளை வெளியேற்றுவது தரகர்களின் பழைய வழி.

மழைக்காலம் வருமுன் பெட்டியைத் தரைத்தளத்திலிருந்து எடுத்து மாடியில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் பார்த்தவர்கள். அப்பிரகத் தகட்டை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. வண்ணம் மேற்பரப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, துணியோடு வந்துவிடும். லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம், கண்ணாடிச் சட்டத்தில் அழுத்தி மாட்டவும் வேண்டாம். அமிலமில்லாத தாளை இடையிடையே வைத்து, படுக்கை வாட்டில் அடுக்குங்கள். முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். தரகர் மறுபடி வந்தால், ‘ஒரு நாள் கொடுங்கள், காட்டிவிட்டுத் தருகிறேன்’ என்று கேட்பார். அந்த ஒரு நாளுக்கும் கொடுக்காதீர்கள்.