அம்மி கொத்தலியோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். பாட்டியின் அம்மி 70 வருடமாக எந்தப் பராமரிப்பும் இல்லாமல் உழைக்கிறது. நான் வாங்கிய மிக்ஸி 3 வருடத்தில் நின்றுபோனது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் மனிதர்களும் நூறு வயது இருந்தார்கள். இப்போது எதற்குமே ஆயுள் இல்லையே, ஏன்? எங்கள் நாய் மணிக்கு 11 வயது. நாய்க்கு ஒரு வருடம் நமக்கு ஏழு என்றால் அவனுக்கு 77. இன்னும் எத்தனை நாள் இருப்பான்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நூறு வயதுக் கதையை முதலில் தள்ளிவிடுவோம். சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32ஐ ஒட்டித்தான் இருந்தது. இன்று 70ஐ ஒட்டி. அதற்காக அன்று எல்லோரும் 32ல் போனார்கள் என்றும் இல்லை. தொட்டிலிலேயே போன பிள்ளைகள் கீழே இழுத்த கணக்கு அது. உங்கள் பாட்டி எத்தனை பெற்றார், எத்தனை தங்கின என்று வீட்டில் விசாரியுங்கள்.

'எந்தப் பராமரிப்பும் இல்லாமல்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அரைக்க அரைக்க அம்மி வழுவழுப்பாகிவிடும். மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், மசியாது. அப்போதுதான் தெருவில் "அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல் கொத்தலியோ" என்று குரல் வரும். உளியும் சுத்தியுமாக ஒருவர் திண்ணையோரம் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கொத்துவார். அந்த 70 வருடத்தில் உங்கள் வீட்டு அம்மி எத்தனை முறை கொத்து வாங்கியதோ! நீங்கள் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள்.

எங்கள் சித்தப்பா காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருந்தார். கட்டுமரம் என்று அவர் சொன்னதே இல்லை, 'மரம்' என்பார். கரைக்கு வந்ததும் மீனை இறக்கியாயிற்றா, உடனே கயிற்றை அவிழ்ப்பார். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக, நடுவில் காற்றுப் போக இடம் விட்டு, மணலில் கிடத்துவார். எடை குறைந்த மரம், தண்ணீரைக் குடித்துவிடும். காயாமல் மறுநாள் கடலில் இறக்கினால் கனக்கும், நாளாக நாளாக உளுத்துப்போகும். விடியும் முன் மறுபடி கட்டுவார். உடம்பு சரியில்லாத நாளில்கூட வாசலில் சாய்ந்துகொண்டு என்னை அதட்டுவார்: "பிரிச்சிப் போட்டியாடா?" ஒரு நாள் சோம்பலில் பிரிக்காமலே பிரித்தேன் என்று சொல்லி வாங்கிய அறை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு கட்டை கெட்டால் அதை மட்டும் மாற்றுவார், கயிறு அடிக்கடி மாறும். அந்த மரத்துக்கு எத்தனை வயது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கடைசியில் அது சித்தியின் அடுப்புக்குப் போனது. இப்போது கரையெல்லாம் ஃபைபர் படகு. அதைப் பிரிக்கவும் முடியாது, அடுப்பில் வைக்கவும் முடியாது.

உங்கள் மிக்ஸியை அடியில் திருப்பிப் பார்த்தீர்களா? அங்கே சின்னதாகச் சிவப்புப் பொத்தான் இருந்திருக்கும். சுமை ஏறினால் மோட்டார் கருகாமல் இருக்கத் தானாகவே அணைந்துகொள்ளும். ஆறவிட்டு அழுத்தினால் ஓடிவிடும். அது இல்லையென்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகிற கார்பன் கட்டை. இரண்டும் தேய்வதற்கென்றே வைத்தவை, மாற்றிக்கொள்ள வேண்டியவை. ஒன்றையும் பார்க்காமல் இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, காலம் கெட்டுப்போனது என்று எனக்குக் கடிதம்! கம்பெனிகள் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. 1924ல் ஜெனிவாவில் பல்பு உற்பத்தியாளர்கள் கூடி, எந்த பல்பும் 1000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டவர்கள்தானே, மீறினால் அபராதம் வேறு. அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். திருப்பிப் பார்த்த பிறகு திட்டுங்கள்.

அப்புறம் மணி. அந்த ஏழு வருடக் கணக்கை விடுங்கள். ஒரு வயது நாய் குட்டி போடும், ஏழு வயதுப் பிள்ளைக்குப் பால் பல்தான் விழுந்துகொண்டிருக்கும். நாய்களில் சின்ன உடம்புக்காரன் பெரிய உடம்புக்காரனைவிட அதிக நாள் இருப்பான், 15ஐத் தொடுகிறவர்களும் உண்டு. மணி எந்த அளவு என்று நீங்கள் எழுதவில்லை. வயதான நாய்க்குப் பல்லும் ஈறும்தான் முதலில் தொல்லை. சாப்பாட்டை ஒரு பக்கமாக மெல்கிறானா என்று பாருங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வாயைத் திறந்து காட்டுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்துவிடும்.