பெட்டி போனது சரி, அத்தை எங்கே?

கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: "விடுமுறையில் குடும்பத்தோடு 'தி பொசெஷன்' பேய்ப்படம் பார்த்தோம். பழைய மரப்பெட்டியை வாங்கிவரும் சிறுமிக்குள் ஆவி புகுந்துவிடும் கதை. அன்றிலிருந்து என் 8 வயது மகள் மாமியாரின் கல்யாணப் பெட்டியைப் பார்த்தாலே அலறுகிறாள். ராத்திரியில் அது முனகுகிறதாம். பாரியூர் கோயிலுக்குப் போய்த் திருநீறு வைத்தும் தெளியவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் பெட்டியைத் தோட்டத்துச் சாளைக்கு மாற்றிவிட்டோம். அத்தையும் அன்றிலிருந்து அங்கேதான் படுக்கிறார், மாட்டுக்குப் பக்கத்தில் வசதியாம். பெட்டியை விற்றுவிடலாமா?"

அம்மிணி, பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. உண்மைக் கதை என்று விளம்பரம் செய்து 2012-இல் வந்த படம் அது. மூலப் பெட்டி, 2003-இல் இபே தளத்தில் ஒருவர் விற்பனைக்கு வைத்த ஒயின் அலமாரி. கூடவே ஒரு திகில் கதையையும் எழுதி வைத்தார். அது தன் கற்பனைதான் என்று 2021-இல் அவரே ஒப்புக்கொண்டார். பழைய மரம் பகல் சூட்டில் விரிந்து ராத்திரியில் சுருங்கும்போது சத்தம் வரும், உங்கள் வீட்டுக் கதவிலும் வரும். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்காவிலேயே முத்திரை குத்திய படத்தை எட்டு வயசுப் பிள்ளைக்குப் போட்டது யார்? நான் கேட்டதாக உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

இப்போது அத்தைக்கு வருவோம். பேய்க் கடிதம் வராத மாதமில்லை எனக்கு, பாதி கடைசியில் மாமியார் கடிதமாகத்தான் முடியும். பெட்டியைப் பற்றி ஏழு வரி எழுதியிருக்கிறீர்கள், அவரைப் பற்றி ஒரே வரி. பெட்டி போன அன்றே அவரும் போயிருக்கிறார். கட்டுத்தரைப் பக்கம் கொசுக்கடியில் வயசான மனுசிக்கு என்ன வசதி? அவர் சொன்னாராம், நீங்கள் நம்பினீர்களாம்!

பெட்டிக்குள் பேய் இருக்கிறது என்று வீடே ஒப்புக்கொண்டு அதைத் தூக்கிப்போட்டால், அந்தப் பெட்டிக்காரியை உங்கள் மகள் என்னவென்று நினைப்பாள்? அது அத்தைக்குப் புரிந்திருக்கிறது. பேத்தி தன்னைப் பார்த்து அலறுவதற்கு முன்னால் தானே எழுந்து போய்விட்டார். படத்தில் சிறுமியின் மாற்றத்தை, அப்பா அம்மா பிரிந்த வருத்தம் என்று பெரியவர்கள் தள்ளிவிடுவார்கள். உங்கள் வீட்டில் தலைகீழ். நிஜமாகவே ஓர் ஆள் பிரிந்து போயிருக்க, நீங்கள் பேயைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பெற்றவளைச் சாளையில் படுக்கவிட்டு வீட்டுக்குள் மெத்தையில் தூங்குகிற மகனுக்கு எந்தக் கோயில் திருநீறு வேலை செய்யும்?

விற்கக் கூடாது. அது உங்கள் பொருளும் இல்லை. இன்று சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியை அத்தையே திறக்கட்டும், உள்ளே கூறைச்சேலை இருந்தால் எடுத்துப் பேத்திக்குச் சுற்றிவிடட்டும். பிள்ளை பயந்தால் அப்பத்தா மடியில் உட்கார்ந்து பயப்படட்டும். அப்புறம் பெட்டியை உங்கள் வீட்டுக்காரர் தலையில் ஏற்றுங்கள். "பரவால்ல கண்ணு, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்பார் அத்தை. இரண்டு தடவை சொல்வார். மூன்றாவது தடவையும் கூப்பிடுங்கள்.