மியாசிஸ் குழப்புகிறது என்பதற்காக உயிரியலை விட்டுவிடலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் தேர்வில் செல் பகுப்பின் இரு வகைகளான மைட்டாசிஸையும் மியாசிஸையும் மாற்றி எழுதிவிட்டாள், 'இவளுக்கு உயிரியல் வராது போலிருக்கிறது, வேறு பிரிவில் சேர்த்துவிடலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். இந்தப் பாடத்தில் தடுமாறாத பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று பகுப்பின் கட்டங்களை ஒப்பிக்கப் பழக்கிவிடுகிறோம். செல் எதற்காகப் பிரிகிறது என்பது விட்டுப்போகிறது. காயம் ஆற வேண்டுமானால், பழைய செல்லைப் போலவே புதிய செல் வேண்டும். மரபணுக்களைத் தாங்கும் 46 குரோமோசோம்களையும் நகலெடுத்து, ஒரே முறை பிரிந்து, 46 கொண்ட இரண்டு செல்கள் உருவாகின்றன. இது மைட்டாசிஸ். கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் இது சரிப்படாது. இரண்டும் சேர்ந்தால் 92 ஆகிவிடுமே! அதனால் மியாசிஸில் நகலெடுப்பது ஒரு முறை, பிரிவது இரண்டு முறை. முதல் முறை, அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக வந்த ஜோடிகள் விலகுகின்றன, எண்ணிக்கை 23 ஆகிறது. இரண்டாம் முறை ஒவ்வொரு குரோமோசோமிலும் நகலெடுத்ததால் உண்டான இரு இழைகளும் விலகுகின்றன. மகள் சறுக்கியது அநேகமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இன்னொன்று. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றுதான் விஞ்ஞானிகளே 1920-களிலிருந்து நம்பிக்கொண்டிருந்தார்கள். 1956-இல்தான் டிஜியோவும் லெவனும் 46 என்று சரியாக எண்ணிக் காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை லெஜூன் குழு வெளியிட்டது. பெரும்பாலும் மியாசிஸில் ஒரு ஜோடி விலகத் தவறுவதால் வருவது அது.

இந்த எண்ணிக்கையை நம்பியே நடக்கும் வேலைகள் உண்டு. மரபணு ஆய்வகத்தில் ரத்த செல்களை வளர்த்து, கொல்சிசின் வகை மருந்தால், குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் மெட்டாஃபேஸ் கட்டத்தில் பகுப்பை நிறுத்தி, குரோமோசோம்களைப் படமெடுத்து அடுக்கிப் பார்க்கிறார்கள். அறிக்கை வந்தபின் பெற்றோரிடம் பொறுமையாக விளக்குபவர் மரபியல் ஆலோசகர். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் கருவியலாளர் வேண்டும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின், பிரியும் செல்லில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகளை உருவாக விடாமல் புற்றுநோய் செல்லை முடக்குகிறது. அப்படிப்பட்ட மருந்துகளைத் தேடுவது தனித் துறை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இவற்றில் பலவற்றுக்கும் இளநிலைப் பட்டம் மட்டும் போதாது, முதுநிலை வரை படிக்க வேண்டியிருக்கும். நுண்ணோக்கி முன்னால் மணிக்கணக்கில் உட்காரும் பொறுமையும் தேவை. 'உயிரியல் என்றால் டாக்டர்' என்ற கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள்.

முதலில் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நிற நூல்கள், நீளமானதிலும் குட்டையானதிலும் நிறத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வெட்டி நடுவில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு வகைப் பகுப்பையும் மேசையில் செய்துகாட்டட்டும். புத்தகம் பார்க்காமல் உங்களுக்குப் புரியும்படி விளக்கிவிட்டாள் என்றால், பிரிவை மாற்றும் பேச்சே வேண்டாம். விளக்கப் பிடிக்கவில்லை, சலிப்பாக இருக்கிறது என்றால், அப்போது அவளையும் அழைத்து வாருங்கள், பேசுவோம்.