முழங்காலுக்கு மேல் எலும்புப் புடைப்பு: எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கபடி விளையாடுவான். வலது முழங்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கமாக, கல் மாதிரி ஒரு முண்டு தட்டுப்படுகிறது. அமுக்கினால் நகரவில்லை, வலியும் இல்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "ஆஸ்டியோகாண்ட்ரோமா, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார். கட்டி என்று தெரிந்தும் சும்மா இருக்கலாமா? பின்னால் புற்றுநோயாகிவிடாதா? – ஒரு தாய், திருப்பூர்

பதில்: டாக்டர் சொன்னது சரிதான், பதற வேண்டாம். பிள்ளைகளின் எலும்பு முனைக்கருகே 'வளர்ச்சித் தட்டு' என்னும் குருத்தெலும்பு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். அதில் ஒரு துணுக்கு விலகிப் பக்கவாட்டில் வளர்ந்தால் இப்படிப் புடைக்கும். புற்று அல்லாத எலும்புக் கட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதுவும் முழங்காலைச் சுற்றியே கூடுதல். பையன் வளரும்வரை இதுவும் வளரும். அவன் வளர்ச்சி நின்றால் இதுவும் நிற்க வேண்டும்.

இரண்டு கோணங்களில் எடுத்த எக்ஸ்ரேயே பெரும்பாலும் போதும். எலும்பின் மேலோடு அறுபடாமல் புடைப்பின் மேலோடாகத் தொடரும். உள்ளே மஜ்ஜைப் பகுதியும் இடையில் தடுப்பின்றி ஒன்றாகவே இருக்கும். முனை மூட்டுக்கு எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். இது தெளிவாகத் தெரிந்தால் பயாப்சி (துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவையில்லை. உச்சியில் குருத்தெலும்புத் தொப்பி ஒன்று உண்டு. அது எக்ஸ்ரேயில் விழாது. அதனால்தான் படத்தில் இருப்பதைவிடக் கைக்குப் பெரிதாகத் தட்டுப்படுகிறது.

புற்றாக மாறுவது, ஒரே ஒரு புடைப்பு உள்ளவர்களில், சுமார் 1 சதவீதம். அதுவும் பெரியவர்களான பிறகுதான் பெரும்பாலும். வளர்ச்சி முடிந்த பின்னும் புடைப்பு பெருத்தாலோ, புதிதாக வலித்தாலோ எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொப்பியை அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு 2 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் எலும்புக் கட்டி நிபுணரிடம் போயே ஆக வேண்டும். சிறுவர்களுக்குத் தொப்பி இயல்பாகவே தடிப்பாக இருக்கும். அந்த அளவை வைத்து இப்போது பயப்படாதீர்கள்.

6 மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும். வலியில்லாதவரை டாக்டரைக் கேட்டுக்கொண்டு விளையாடலாம். காம்பு போல நீண்ட புடைப்பு என்றால் அடிபட்டு முறியக்கூடும். திடீரென்று சுளீரென வலித்தால் உடனே எக்ஸ்ரே. எண்ணெய் போட்டு உருவுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம், இது கரையும் கட்டி இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: தோள், மணிக்கட்டு, விலா, கணுக்கால் எல்லாம் தடவிப் பாருங்கள். பல இடங்களில் இருந்தால் அது பரம்பரை வகையாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அந்த வகை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதில் முன்கை வளைவது, கால் கோணுவது போன்ற சிக்கல்களும் வரும் என்பதால் கூடுதல் கண்காணிப்பு தேவை.

கேள்வி: எனக்கு 18 வயது. இதே கட்டி முழங்காலுக்குப் பின்புறம் உரசி வலிக்கிறது, எடுக்கச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பார்கள்? திரும்ப வருமா? – கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உரசி வலிப்பது எடுப்பதற்கு நியாயமான காரணம். நரம்பையோ ரத்தக்குழாயையோ அழுத்தினால் இன்னும் அவசரம். பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, கால் மரத்துப்போவது இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது. முழங்காலுக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாய் ஓடுவதால் அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்து, அது எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்வார்கள்.

தசையை விலக்கி, புடைப்பின் மேல் போர்த்திய சவ்வை உரிக்காமல் தொப்பியோடு சேர்த்து, அடியில் உளியால் எலும்பின் மட்டத்துக்கு வெட்டி எடுப்பார்கள். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. தொப்பியில் ஒரு துணுக்கு தங்கினாலும் அங்கிருந்து மறுபடி முளைக்கும். முழுதாக எடுத்தால் திரும்புவது அரிது. சின்ன வயதில் அவசரப்பட்டு எடுத்தால் பக்கத்திலேயே வளர்ச்சித் தட்டு இருக்கும். அதைக் காக்கப் போய்த் தொப்பி மிஞ்சும், அல்லது தட்டு காயமாகிக் கால் குட்டையாகும், கோணும். உங்கள் வயதில் அந்தக் கவலை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

தையல் 12–14 நாளில் பிரிப்பார்கள். அடி அகலமான புடைப்பை எடுத்த இடம் சில வாரங்களுக்குப் பலவீனமாக இருக்கும். ஓட்டமும் குதிப்பும் டாக்டர் சொல்லும்வரை, சுமார் 6 வாரம், கூடாது. எடுத்த கட்டியை நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 61. மேல் அண்ணத்தின் நடுவில் எலும்பு புடைத்திருப்பதால் பல் செட் உட்காராது, செதுக்கி எடுக்கலாம் என்கிறார் பல் டாக்டர். எலும்பு பலத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். – வாசகி, தேனி

பதில்: இந்தப் புடைப்பு ஆபத்தில்லாதது. அந்த இடத்தில் இடம் விட்டு செட் செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். எடுப்பதென்றால் துண்டு துண்டாகத்தான் எடுப்பார்கள், மேலே மூக்கின் தரை இருக்கிறது. மாத்திரைச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். எலும்பு பலத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.